ஆர்.எஃப். (ரிசர்வ் ஃபாரஸ்ட்) கல்லை ஒட்டிய ஒரு ஏக்கர் புதர்: ஜேசிபி விடுவதா, அப்படியே விடுவதா?

கொல்லைமேட்டான் | மார்ச் 22, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஆந்திராவில், குப்பத்தை அடுத்த ராமகுப்பம் பக்கம் எங்களுக்கு நாலேகால் ஏக்கர் மானாவாரிக் கொல்லை. போர் ஒன்று இருக்கிறது, தை பிறந்துவிட்டால் இருமி இருமித்தான் தண்ணீர் தரும். அப்பா இருந்தவரை வருடா வருடம் வேர்க்கடலைதான். நான் பெங்களூரில் பதினோரு வருடம் இருந்துவிட்டு, அவர் போன பிறகு திரும்பி வந்தேன்.

மூன்றேகால் ஏக்கர் உழுகிற நிலம். மேல் பக்கத்து ஒரு ஏக்கர் காட்டிலாகாவின் எல்லைக் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பட்டா எங்கள் பெயரில்தான். அப்பா அதில் ஏர் வைத்ததே இல்லை. பாறை, பாறை நடுவே துரிஞ்சி, வெப்பாலை, காரை, சூரை, நாலைந்து நுணா. ஓரத்தில் உண்ணிச்செடி ஏறிக்கொண்டிருக்கிறது.

இப்போது பக்கத்துக் கொல்லைக்காரர், எனக்கு மாமா முறை, ஒரு யோசனை சொல்கிறார். "ஜேசிபி செலவு என்னுடையது. ஒரே நாளில் சுத்தமாக்கிவிடுகிறேன். மூன்று வருடக் குத்தகைக்கு விடு, சொட்டுநீர் போட்டுத் தக்காளி வைக்கிறேன். வெறும் புதருக்கு எதற்கடா காவல் காக்கிறாய்?" குத்தகைப் பணமும் குறைவில்லை. பையன் பள்ளிக் கட்டணம் கண்முன் வந்து போகிறது.

மறுபக்கம், போன வருடம் என் வீட்டம்மாவின் டுவாக்ரா மகளிர் சுயஉதவிக் குழு வழியாகக் கீழ்க்கொல்லையில் ஒரு ஏக்கரில் மட்டும் நவதானிய விதைப்பு செய்தோம். மழைக்கு முன்னாலேயே சித்திரையில் விதைக்கிற முறை. பதினெட்டு வகை விதை, களிமண்ணும் சாம்பலும் சாணமும் பூசி உருட்டியது. ஊரே சிரித்தது. இரண்டு கோடை மழைக்கே முளைத்து முட்டி உயரம் வந்தது. ஐம்பது நாளில் அறுத்து மாட்டுக்குப் பாதி, மண்ணுக்கு மூடாக்காகப் பாதி. அதன் மேல் கடலை போட்டு, உரத்துக்குப் பதிலாக ஜீவாமிர்தம் என்கிற சாணக் கரைசலை ஊற்றினோம். உரம் போட்ட கொல்லையில் ஏக்கருக்குப் பத்து மூட்டை. இதில் எட்டரை. ஆனால் உரம், மருந்துச் செலவு இல்லாததால் கையில் நின்றது இதில்தான் அதிகம். ஆவணியில் ஒரு பெருமழை பெய்தபோது மற்ற கொல்லைகளிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் ஓடியது. இந்த ஏக்கரில் ஓடவில்லை, உள்ளே இறங்கியது. அதைப் பார்த்ததிலிருந்து மனசு இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

என் கேள்வி இதுதான். கீழே மூன்றேகால் ஏக்கரை இந்த வழியில் சரி செய்துகொண்டு, மேல் ஏக்கரைப் புதராகவே விட்டால் அது புத்திசாலித்தனமா, பெங்களூரிலிருந்து கொண்டுவந்த கொழுப்பா? திட்டுவதானாலும் திட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 23, காலை 6.15

தம்பி, நான் குப்பத்தில் இருபத்திரண்டு வருடம் உரக்கடை வைத்திருந்தவன். இப்போது கடை இல்லை, அதனால் யாருக்கும் விற்பனை செய்ய இதை எழுதவில்லை.

ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர். அதில் சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லமும் பயறுமாவும் ஆளுக்கு ஒன்றிரண்டு கிலோ, ஒரு கைப்பிடி மண். பத்து கிலோ ஈரச் சாணத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) 30, 40 கிராம் இருந்தால் அதிகம். ஒரு கைப்பிடி யூரியாவில் அவ்வளவு இருக்கிறது. வீரிய ஒட்டுத் தக்காளிக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எக்டருக்கு 200 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 80 கிலோ. 40 கிராமையும் 80 கிலோவையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? 2019ல் தேசிய வேளாண் அறிவியல் கழகத்து ஆட்களும் ஏறத்தாழ இதைத்தான் கேட்டார்கள்.

உனக்கு ஒன்றரை மூட்டை குறைந்திருக்கிறது. உனக்கு லாபம், சரி. ஆனால் ஊர் முழுக்க ஒன்றரை மூட்டை குறைந்தால்? இலங்கையில் 2021ல் ஒரே உத்தரவில் உரத்தை நிறுத்தினார்கள். நெல் விழுந்தது, தேயிலை விழுந்தது, ஏழு மாதத்துக்குள் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். விளைச்சல் குறைந்தால் அந்தக் குறையை ஈடுகட்ட இன்னொருவன் இன்னொரு புதரை வெட்டுவான். உன் மேல் ஏக்கரைக் காப்பாற்ற வேறெங்கோ ஒரு ஏக்கர் போகும்.

குத்தகைக்கு விடாதே என்றும் சொல்ல மாட்டேன், விடு என்றும் சொல்ல மாட்டேன். கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடு.

வேப்பனப்பள்ளி அக்கா | மார்ச் 23, மதியம் 2.05

கணக்குப்பிள்ளை அண்ணா சொல்வது தக்காளிக்குப் பொருந்தும். தம்பி போட்டது கடலை. கடலை வேரைப் பிடுங்கிப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருக்கும். உள்ளே இருக்கிற நுண்ணுயிர் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜீவாமிர்தத்தை உரம் என்று நினைப்பதால்தான் இந்தச் சண்டை எல்லாம். அது மோருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. பால் இல்லாத சட்டியில் உறை ஊற்றி என்ன பயன்? பால் என்பது மூடாக்கும், பலவகைச் செடி வேரும். அது இல்லாமல் தெளிப்பு மட்டும் தெளித்துவிட்டு "எனக்கு விளையவில்லை" என்கிறவர்களை எங்கள் ஊரிலேயே நாலு பேரைக் காட்டுவேன்.

எங்கள் பக்கம் இதைப் பலதானிய விதைப்பு என்போம். நம்மாழ்வார் ஐயா கூட்டங்களில் கேட்டுக் கற்றது. தானியம், பயறு, எண்ணெய்வித்து, தழையுரம், மணப்பயிர் என்று ஏக்கருக்கு இருபது இருபத்தைந்து கிலோ கலந்து விதைத்து, பூவெடுக்கும்போது மடக்கி உழுதுவிடுவோம். ஆந்திராக்காரர்கள் உழாமல் அறுத்து மேலே போடுகிறார்கள். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, ஏனென்றால் பாதி மாட்டுக்குக் கிடைக்கிறது. சித்திரை வைகாசியில் பச்சைத் தீவனம் என்றால் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

இங்கே தமிழ்நாட்டில் 2024லிருந்து 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் தக்கைப்பூண்டு விதை மானியத்தில் கிடைக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்களுக்குக் கிடையாது. உங்களுக்குக் கிடைக்கிற பயிற்சி எங்களுக்குக் கிடையாது. நடுவில் ஒரு கல்தான் வித்தியாசம்!

ஒன்று மட்டும் கேட்கிறேன். அறுத்து மூடாக்குப் போட்டது யார், நீங்களா, வீட்டில் இருப்பவரா? இயற்கை விவசாயம் என்று ஆண்கள் மேடையில் பேசுவார்கள், சாணம் கரைக்கிற கை வேறொருவருடையது.

கொல்லைமேட்டான் | மார்ச் 23, இரவு 10.20

அக்கா, பிடித்துவிட்டீர்கள். அறுத்தது இருவரும். சாணம் கரைத்தது அவள்தான். இந்த வருடம் நான் கரைக்கிறேன் என்று இங்கே எழுத்தில் கொடுக்கிறேன்.

நாட்டு மாட்டுச் சாணம்தான் வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்களிடம் இருப்பது இரண்டும் கலப்பின மாடு. புங்கனூர்க் குட்டை எங்கள் ஜில்லாவில் பிறந்த இனம்தான், ஆனால் இன்று அது வாங்குகிற விலைக்கு நான் இன்னொரு ஏக்கர் வாங்கலாம். இருக்கிற சாணத்தையே போட்டோம். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இன்னொரு சங்கடம். பயிற்சிப் புத்தகம் முழுக்கத் தெலுங்கு. பேசுவேன், எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். ஊரில் பாதிப் பேர் என் மாதிரிதான். 'கன ஜீவாமிர்தம்' என்றால் கட்டியாகச் செய்கிற ஜீவாமிர்தம், அதை ஒருவர் மழைக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தக்காளி லோடு | மார்ச் 24, காலை 5.50

மதனப்பள்ளி மார்க்கெட் வாசலிலிருந்து எழுதுகிறேன், லோடு இறங்கவில்லை. 2023 ஜூலைக் கடைசியில் கிலோ 200 ரூபாய் கிட்டே போனபோது கிரேட்டுக்குக் காவல் போட்டு ஓட்டினேன். அதே ரோட்டில் கொட்டிவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமாவுக்கு இரண்டு வருடம் விலை விழுந்தால் மூன்றாம் வருடக் குத்தகை வராது. அப்போது புதரும் இருக்காது, பணமும் இருக்காது. சரி, கூப்பிடுகிறார்கள்.

பனங்காடை | மார்ச் 24, இரவு 8.30

பலமநேர் பக்கம் பள்ளி ஆசிரியர். பறவை பார்க்கிற பைத்தியம் உண்டு, பெயரைப் பார்த்தாலே தெரியும்.

கணக்குப்பிள்ளை சார் சொன்ன "வேறெங்கோ ஒரு ஏக்கர் போகும்" என்பதை லேசாக எடுக்கக் கூடாது. இதே கேள்வியை 2005ல் கேம்பிரிட்ஜ் ஆட்கள் எழுப்பினார்கள். நிலத்தைப் பகிர்வதா, பிரித்து விடுவதா? வயலையே பறவைக்கும் பூச்சிக்கும் தோதாக வைத்துக் கொஞ்சம் குறைவாக விளைவிப்பது ஒரு வழி. விளைகிற இடத்தில் நன்றாக விளைவித்துவிட்டு மிச்சத்தைக் காடாகவே விடுவது இன்னொரு வழி. இருபது வருடமாக இதில் சண்டை ஓடுகிறது.

2025ல் ஆந்திராவிலேயே செய்த ஓர் ஆய்வு வந்தது. இயற்கை வேளாண்மைக் கொல்லைகள், ரசாயனக் கொல்லைகள், அருகில் இருக்கும் காடு, மூன்றையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இயற்கைக் கொல்லையில் விளைச்சல் குறையவில்லை, விவசாயியின் லாபம் இரண்டு மடங்குக்கு மேல், பறவைகளும் ரசாயனக் கொல்லையைவிட அதிகம். ஆனால் இதைக் கைதட்டுகிறவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். காட்டையே நம்பி வாழ்கிற பறவைகளுக்கு எந்தக் கொல்லையும் காட்டுக்கு ஈடாகவில்லை என்பதும் அதில் இருக்கிறது.

கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். உங்கள் கீழ்க்கொல்லையை மருந்தில்லாமல் வைத்தால் கரிச்சான் வரும், பனங்காடை வரும், மைனா வரும். ஏக்கருக்கு இருபது குச்சி T வடிவில் நட்டுவிட்டால் கரிச்சான் அதில் உட்கார்ந்து கடலைப் புழுவைப் பொறுக்கும். ஆனால் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று ஒரு குருவி இருக்கிறது. உலகத்திலேயே தென்னிந்தியப் பாறைக் குன்றுகளின் புதரில் மட்டும்தான் அது வாழ்கிறது. ஹார்ஸ்லி மலையில் உண்டு, நந்தி மலையில் உண்டு. அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு ஜீவாமிர்தம் ஊற்றினாலும் அது கடலைக் கொல்லைக்கு வராது. அதற்குப் பாறையும் காரையும் சூரையும்தான் வேண்டும். உங்கள் ஏக்கரில் அது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதற்கேற்ற இடம் என்பது நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது.

ஆகவே கீழே விளைச்சலை விட்டுக்கொடுக்காதீர்கள், மேலே கை வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சார் கேட்ட கேள்விக்குப் பதில்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 25, காலை 6.10

ஆசிரியர் ஐயா, குருவி குத்தகை தருமா?

கிண்டல் போகட்டும். எட்டரையைப் பத்தாக்க வழி இருக்கிறது. கடலைக்குப் பொக்கு விழுவது சுண்ணாம்புச் சத்துக் குறைவால். நம் செம்மணலில் அது எப்போதும் தகராறுதான். நாற்பது நாற்பத்தைந்தாம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 முதல் 200 கிலோ ஜிப்சம் போடு. "இயற்கை விவசாயத்தில் ஜிப்சம் கூடாது" என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. சுரங்கத்து ஜிப்சம் மண்ணுக்குள் வெட்டி எடுக்கிற கல் தூள்தான். ஒவ்வொரு மூட்டை கடலையோடும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) வண்டி ஏறிப் போகிறது. காற்றிலிருந்து தழைச்சத்து வரும், மணிச்சத்து வராது. தொழு எருவோ எதுவோ, எடுத்ததைத் திருப்பித் தராமல் ஐந்தாறு வருடம் ஓட்டினால் மண் உன்னைக் கேள்வி கேட்கும்.

என் கடைக்காலத்தில் நடந்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். யூரியா மூட்டை 266 ரூபாய், டிஏபி 1350. விலை இப்படி இருந்தால் எவன் கணக்குப் பார்த்துப் போடுவான்? இலை கருகருவென்று இருந்தால் மனசுக்குத் திருப்தி. கடலைக்குத் தேவையே இல்லாத யூரியாவை நானே மூட்டை மூட்டையாக விற்றிருக்கிறேன். அதற்குப் பின்னால் இலைப்பேன், அதற்குப் பின்னால் மருந்து. அந்த மருந்தும் என் கடையில்தான்.

பாலாறு மணல் | மார்ச் 27, மாலை 4.45

பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்லச் சொல்ல. எனக்கு வயது எழுபத்தாறு.

நீங்கள் எல்லாரும் புதிதாகப் பேசுகிற விஷயத்துக்கு எங்கள் பக்கம் 'அக்கடி' என்று பெயர். ஆடியில் கேழ்வரகு விதைக்கும்போது ஆறு சால், எட்டு சாலுக்கு ஒரு சால் அக்கடி விடுவோம். அந்த ஒரு சாலில் துவரை, அவரை, காராமணி, ஆமணக்கு, கடுகு, பேயெள்ளு எல்லாம் கலந்து விழும். விதைப்பது பெண்கள்தான். மடியில் எந்த விதை எவ்வளவு என்று என் அம்மாவுக்கு விரல் கணக்கு.

கேழ்வரகு கார்த்திகையில் கதிர் அறுப்பு. அறுத்தால் கொல்லை காலியாகாது, அப்போதுதான் அக்கடிச் சால் தலையெடுக்கும். மார்கழிப் பனியில் அவரை பூக்கும். தையில் அவரைக்கொட்டை பிதுக்கிப் பிதுக்கம்பருப்புக் குழம்பு, களி. மாசியில் துவரை. ஆமணக்கு பங்குனி வரை காய் கொடுக்கும். எட்டு ஒன்பது மாதம் நிலத்தில் ஏதாவது ஒரு வேர் உயிரோடு இருக்கும். பேயெள்ளு மஞ்சளாகப் பூத்தால் தேனீ மொய்க்கும், நாங்கள் பாறைப் பக்கம் தேன் எடுப்போம்.

இப்போது கடலை நாலு மாதம். மிச்ச எட்டு மாதம் நிலம் தலையில் துணியில்லாமல் வெயிலில் நிற்கிறது. மண் ஏன் இறுகிப் போனது என்று ஆபீசர்கள் வந்து கேட்கிறார்கள்.

அக்கடி ஏன் போனது? கடலைக்கு விலை வந்தது. 1983ல் முதல்வர் என்.டி. ராமாராவ் கிலோ இரண்டு ரூபாய் அரிசி போட்டார், களி தின்கிற வீடு குறைந்தது. நல்லதுதான், நாங்கள் பசி பார்த்தவர்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது காரணம் யானை. என் தாத்தாவுக்கு யானை என்றால் கோயில் யானை மட்டும்தான். எண்பதுகளில்தான் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து கூட்டமாக வந்தன, பிறகு போகவே இல்லை. 1990ல் கௌண்டின்யா சரணாலயம் என்று அறிவித்தார்கள். பால் பிடித்த கேழ்வரகை யானை ஒரு ராத்திரியில் எப்படி உருவித் தின்னும் என்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். இரண்டு ஆடி பார்த்துவிட்டு நான் கடலைக்கு மாறினேன்.

தம்பி, புதரை விடு, தப்பில்லை. ஆனால் புதரை ஒட்டிக் கேழ்வரகு மட்டும் போட்டுவிடாதே.

நெறியாளர் | மார்ச் 27, இரவு 9.00

இரண்டு ரூபாய் அரிசி பற்றி வந்த ஆறு பதிவுகளைத் தேர்தல் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே மண் மட்டும்.

கொல்லைமேட்டான் | மார்ச் 28, இரவு 9.15

ஐயா, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்தேன். அம்மா சமையலறையிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டார். பிதுக்கம்பருப்பு என்றதும், "உங்கப்பாவுக்கு அது இருந்தால் ஒரு உருண்டை கூடுதலாகப் போகும்" என்றார். அப்பா அக்கடி போட்டிருக்கிறார் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

யானைப் பயம் உண்மை. எங்கள் ஊரில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிறது. பட்டாசு, தகரம், டார்ச்தான் எங்கள் ஆயுதம். 2025 மே மாதம் கர்நாடகம் கும்கி யானைகள் கொடுத்தது, முசலிமடுகில் முகாம் இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கொல்லையில் நிற்பது நாம்தானே. புதர் இருந்தால் யானை அதில் மறைந்து நிற்கும் என்று மாமா பயமுறுத்துகிறார். இதற்கு என்ன சொல்வது?

பனங்காடை | மார்ச் 28, இரவு 10.40

யானை புதருக்காக வருவதில்லை. பயிருக்கும் தண்ணீருக்கும் வருகிறது. ஒரு ஏக்கர் புதரை வெட்டினாலும் பின்னால் காடு அப்படியே இருக்கிறதே, அங்கே மறைந்து நிற்க முடியாதா? வெட்டினால் காட்டுக்கும் பயிருக்கும் நடுவே இருந்த இடைவெளி போகும். தக்காளி நேராகக் கல்லுக்கு வந்துவிடும்.

ஆனால் காட்டுப்பன்றி விஷயத்தில் உங்கள் மாமா சொல்வதில் உண்மை இருக்கிறது. உண்ணிச்செடிப் புதருக்குள் பன்றி பகலில் படுத்துக்கொள்ளும். புதர் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். உண்ணிச்செடி வெளிநாட்டிலிருந்து அழகுக்குக் கொண்டுவந்தது, கீழே புல்லை வளர விடாது. அதை மட்டும் எடுங்கள். கிளையை வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மண்ணுக்குள் கொஞ்சம் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள், காய் பழுக்கிறதுக்கு முன்னால். ஜேசிபி விட்டால் மண் கிளறி, அடுத்த மழைக்கு உண்ணிதான் முதலில் முளைக்கும்.

வேப்பனப்பள்ளி அக்கா | மார்ச் 29, காலை 11.30

எங்கள் ஊரிலும் யானை வரும் தம்பி. என் அனுபவத்தில், கல் ஓரத்து முதல் நாற்பது அடிக்கு ஆமணக்கும் கொள்ளும் போடுங்கள். ஆமணக்கை யானை சீண்டாது. மிளகாயும் வைக்கலாம். கேழ்வரகும் அக்கடியும் ஆசையென்றால் வீட்டை ஒட்டிய கீழ்க்கொல்லையில் போடுங்கள். வேலிக்குக் கிளுவை நடுங்கள், ஆடு தாண்டாது, தழையும் கிடைக்கும். முழு உத்தரவாதம் எதுவும் இல்லை. பசித்த யானை எதையும் மிதித்துக்கொண்டு வரும்.

தேனீப் பெட்டிகளை வேலி மாதிரி வைத்து யானையைத் திருப்புகிற முறையை 2021ல் குடகில் கதர் கிராமத் தொழில் ஆணையம் செய்து பார்த்தது. பேயெள்ளு இருந்தால் தேனீக்கு வேறு வேலையும் இருக்கும். நான் செய்து பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தயவுசெய்து கரண்ட் கம்பி மட்டும் வேண்டாம். யானை செத்தால் ஜெயில், மனுஷன் செத்தால் அதைவிடக் கேவலம். எங்கள் பக்கம் சொந்தப் பங்காளியே மாட்டிச் செத்த வீடு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | மார்ச் 29, மாலை 6.20

அம்மணி ஆமணக்கு என்றதும் கணக்கு எனக்கும் ஒத்துவருகிறது. விற்கவும் செய்யலாம், மூடாக்குக்கு இலையும் கிடைக்கும். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தம்பி குத்தகைப் பணத்தை விடுகிறானே, அதற்கு யார் பதில் சொல்வது? பறவை ஊருக்குப் பொது. புதர் தடுத்து நிறுத்துகிற மழைநீர் கீழே இருக்கிற பத்துப் பேர் போருக்குப் போகும். நஷ்டம் மட்டும் இவன் ஒருவனுக்கு. இங்கே குருவி பார்க்க வருகிறவர்கள் காரில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பனங்காடை | மார்ச் 29, இரவு 9.50

சார், இதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான கேள்வி. படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களில் நானும் ஒருவன்.

கொல்லைமேட்டான் | ஏப்ரல் 6, இரவு 9.30

ஒரு வாரம் யாருக்கும் பதில் போடவில்லை, மன்னியுங்கள். வீட்டில் பேசினோம்.

முடிவைத் திருப்பியது பறவையும் இல்லை, யானையும் இல்லை. என் வீட்டம்மா ஒரு காகிதத்தில் மேல் ஏக்கரிலிருந்து வருடத்துக்கு என்ன எடுக்கிறோம் என்று எழுதினாள். விளக்குமாற்றுப் புல், விறகு, பிரண்டை, கோவைக்காய், காரைப்பழம், ஆறு ஆட்டுக்கு நாலு மாதத் தழை. போதாததற்குப் புங்கந்தழை. வெளியில் வாங்கினால் குத்தகைப் பணத்தில் பாதிக்கு மேல் வருகிறது. இத்தனை வருடமாக அதை நாங்கள் 'வெறும் புதர்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மீதிப் பாதி நஷ்டம்தான், கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னதுபோல என் தலையில்தான். ஏற்றுக்கொள்கிறேன், மூன்று வருடத்துக்கு. அதற்குப் பிறகு திரும்பப் பார்ப்போம்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். கோபம்தான். "படித்தவன் எல்லாம் இப்படித்தான்" என்று தெரு கேட்கச் சொன்னார். மறுநாள் அவரே வந்து, நவதானிய விதை மிச்சமிருந்தால் அரை ஏக்கருக்குத் தா, மாட்டுக்குத் தீவனம் இல்லை என்றார். கொடுத்தேன்.

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 7, காலை 6.05

சரி, முடிவெடுத்துவிட்டாய். இப்போது விதைப்பதற்கு முன்னால் மண் பரிசோதனைக்கு எடு. மூன்று இடம்: நவதானியம் போட்ட ஏக்கர், போடாத கொல்லை, மேல் புதர். அரை அடி ஆழம், V மாதிரி வெட்டி ஓரத்தைச் சுரண்டு. அங்ககக் கரிமம், அதாவது மண்ணில் மக்கியதிலிருந்து வந்த கரிச்சத்து, எவ்வளவு என்று பார். மூன்று வருடம் கழித்து இதே மாதம், இதே இடம், இதே ஆழம். மண் கறுத்துவிட்டது, மிருதுவாகிவிட்டது என்று கவிதை எல்லாம் என்னிடம் சொல்லாதே, காகிதத்தைக் காட்டு.

கொல்லைமேட்டான் | ஏப்ரல் 29, இரவு 8.10

காகிதம் வந்தது அண்ணா. அங்ககக் கரிமம், போடாத கொல்லை 0.29 சதவீதம். போட்ட ஏக்கர் 0.34. ஒரே வருடத்து வித்தியாசம், அளவெடுத்ததில் தவறுகூட இருக்கலாம், அதை வைத்து ஆட மாட்டேன். மேல் புதர் 0.91. அதே செம்மண், அதே மழை, நடுவே ஒரு வரப்பு. அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கொல்லையும் ஒரு காலத்தில் அப்படித்தானே இருந்திருக்கும்.

போன ஞாயிறு விதைத்தாயிற்று. இந்த முறை இரண்டு ஏக்கர். சாணம் நான்தான் கரைத்தேன், அக்கா. சாட்சி வேண்டுமென்றால் என் சட்டையை முகர்ந்து பாருங்கள். மயில் ஐந்து வந்து கிளறிப் பார்த்துவிட்டுப் போனது. களிமண் பூசிய உருண்டையில் பாதியை விட்டுவிட்டது, மிச்சத்தை விடவில்லை.

பாலாறு மணல் | ஏப்ரல் 30, மாலை 5.00

தம்பி, வீட்டுப் பரணில் தேடியதில் ஒரு படி பேயெள்ளும், அரைப் படி பழைய அவரையும் கிடைத்தது. மருமகள் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறாள். ஈரத்துணியில் கட்டிப் பார்த்தேன், பத்துக்கு ஏழு முளைக்கிறது. ஆடிக்குள் வந்து எடுத்துக்கொள். கீழ்க்கொல்லையில் மட்டும் போடு.

கொல்லைமேட்டான் | ஏப்ரல் 30, இரவு 7.45

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் ஐயா. விதைக்கு என்ன தரட்டும்?

பாலாறு மணல் | மே 1, காலை 7.20

தையில் இரண்டு படியாகத் திருப்பிக் கொடு. பணம் கொண்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று தாத்தா சொல்லச் சொன்னார். அவரைக்காய் தனியாக வேண்டுமாம், பச்சையாக.